வாடகை வீடும் எழுத்தில் நிற்கும் உரிமையும்

இக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, பகல் முழுவதும் நூலகப் பணியைப் பார்த்துவிட்டு மாலையில் நமக்காக நாற்காலி போட்டுத் தந்த நூலகர் அம்மையார் அவர்களே, வாடகைக்குக் குடியிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, வீட்டு உரிமையாளர்களாக வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம். வேறொரு நிகழ்ச்சிக்குச் செல்ல வேண்டியிருந்தும் என் உரை முடியும்வரை இருப்பதாக மாமன்ற உறுப்பினர் அவர்கள் வாக்களித்திருக்கிறார். அதற்குத் தனியாக நன்றி சொல்கிறேன், அவர் இங்கே இருந்தாக வேண்டிய காரணத்தையும் சொல்லத்தான் போகிறேன்.

கைக்கு அடக்கமான வாடகையில் வீடு தேடுவது எப்படி, ஒப்பந்தம் எப்படி இருக்க வேண்டும், சாதியும் மதமும் கேட்டு வீடு மறுப்பவர்களை எப்படி எதிர்கொள்வது என்று மூன்று செய்திகளைப் பேச வந்திருக்கிறேன். மூன்றுக்கும் நான் துணைக்கு அழைப்பது ஒரே பழமொழியைத்தான்: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

வீடு தேடுகிறவர்கள் வாடகைத் தொகையை மட்டும் கேட்டுவிட்டுத் தலையாட்டக் கூடாது. மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருக்கிறதா, இல்லையென்றால் யூனிட்டுக்கு என்ன கணக்கு, தண்ணீர் மோட்டார் எத்தனை வேளை ஓடும், பராமரிப்புக் கட்டணம் தனியா, தரகருக்கு எவ்வளவு, வேலைக்குப் போய்வரப் பேருந்துச் செலவு என்ன என்பதையெல்லாம் கூட்டிப் பார்த்தால்தான் அந்த வீட்டின் உண்மையான வாடகை தெரியும். முடிந்தால் மாலையில் ஒருமுறை போய் அங்கே குடியிருக்கும் பக்கத்து வீட்டாரிடம் பேசிப் பாருங்கள்.

அளந்து போட்ட ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தையல் வேலை செய்பவர். கணவர் இல்லை, பள்ளிக்குப் போகும் மகன் ஒருவன். மாடியில் ஒற்றை அறையும் சமையற்கட்டும் கொண்ட வீட்டுக்குப் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துக் குடிபோனார். பெரியவரான உரிமையாளர் நல்ல மனிதர், ஆனால் ரசீது கொடுக்கும் பழக்கம் இல்லாதவர். இந்த அம்மா என்ன செய்தார் என்றால், வாடகை கொடுக்கும் நாளன்று தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் தொகையை எழுதி, “ஐயா, இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்” என்று நீட்டுவார். அவரும் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுப்பார். ஆண்டுகள் ஓடின, பெரியவர் காலமானார், வீடு மகன் கைக்கு வந்தது. இவர் காலி செய்யும்போது மகன், “அப்பா அட்வான்ஸ் பற்றி எதுவும் சொல்லவில்லையே அம்மா” என்றார். அதோடு சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளைக் காட்டி, வெள்ளையடிக்கும் செலவையும் கேட்டார். அந்த அம்மா சண்டை போடவில்லை. தையல் இயந்திரத்தின் இழுப்பறையைத் திறந்து, நூலால் கட்டிய காலண்டர்த் தாள் கட்டை எடுத்து, அடியிலிருந்த முதல் தாளை நீட்டினார். அட்வான்ஸ் தொகை, அதன் கீழே அப்பாவின் கையெழுத்து. மகன் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பணம் முழுவதையும் இரண்டு தவணையில் கொடுத்தார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பதைச் செய்து காட்டியவர் அவர்.

ஆனால் எல்லாரிடமும் காலண்டர்த் தாள் இருக்காது. அதற்காகத்தான் சட்டம் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாட்களுக்குள், இதற்கென அரசு அமர்த்தியிருக்கும் வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது அது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்யச் சொல்லும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தைத் தவிர்க்கவே பதினொரு மாத ஒப்பந்தம் போடும் வழக்கம் வந்தது. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவுக்கு அந்த வழக்கம் விலக்காகாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய கழிவு போக முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்; தகராறு என்றாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் இருக்கிறது, ஆனால் “வேறு உடன்பாடு இல்லாவிட்டால்” என்ற விதிவிலக்கோடு. பத்து மாத அட்வான்ஸ் நுழையும் கதவு அதுதான். மாநிலங்கள் பின்பற்றுவதற்காக ஒன்றிய அரசு 2021இல் ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்று வரம்பு கட்டியிருக்கிறது. நம் சட்டமும் அந்தக் கதவை அடைக்க வேண்டும்.

இவற்றை எடுத்துச் சொல்ல ஆள் எங்கே? என் கோரிக்கை இதுதான்: ஒவ்வொரு கிளை நூலகத்திலும் வாரத்தில் ஒரு நாள் வாடகைதாரர் உதவி மேசை வேண்டும். சட்டத்தின் தமிழ்ப் படி ஒன்று, மாதிரி ஒப்பந்தப் படிவங்கள், பதிவுக்கு உதவ ஓர் இளைஞர், இவ்வளவு போதும். இது சலுகை அல்ல. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் அவர்களின் முயற்சியால் 1948இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்துவரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. அதை உரிமையாளர் கட்டினாலும், வாடகையை நிர்ணயிக்கும்போது அந்தச் செலவையும் சேர்த்தே நிர்ணயிக்கிறார். ஆகவே இந்தக் கட்டடத்தில் வாடகைதாரர்களின் பணமும் இருக்கிறது. அவர்கள் பணத்தில் நடக்கும் நூலகம் அவர்களுடைய உரிமையைச் சொல்லித் தரட்டும்.

சாதி கேட்டு வீடு மறுப்பதைப் பற்றி விரிவாகப் பேச நேரம் இல்லை. அதற்கென்றே தனிக்கூட்டம் நடத்தத் தலைவர் அவர்கள் இசைந்திருக்கிறார்கள். மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்பவிருக்கும் மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. மாமன்ற உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டு, தேதியையும் எழுதித் தர வேண்டுமென்று இந்த அவையின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.