கழுத்தில் கத்தி, வாயில் பேச்சு

[காட்சி: மட்டக்களப்பு, கோட்டைமுனைப் பாலம், காலை]

வணக்கம். இந்தப் பாலத்தை இப்போதே மூடிவிட்டால் புளியந்தீவுக்குள் எப்படிப் போவீர்கள்? மற்றப் பாலத்தால் சுற்றிப் போவீர்கள், சரி. அதுவும் பழுதாகிக் கிடந்தால்?

மூளைக்கும் இதே சிக்கல் வரும். கழுத்தின் இரு பக்கமும் ஓடும் சிரசு நாடிகள்தான் அதற்கு இரத்தம் போகும் பெரிய வழி. உட்சுவரில் படிந்த கொழுப்பு துண்டாகப் பிய்ந்து மேலே போனால் பாரிசவாதம். அதனால் நாடியைத் திறந்து படிவை வழித்தெடுக்கிறார்கள். திறப்பதற்கு முன் கவ்வி போட்டு இரத்தத்தை நிறுத்த வேண்டும்.

[படம்: மூளையின் அடிப்பக்கம்]

சுற்றுவழி உண்டு. மூளைக்கு அடியில் நாடிகள் வளையமாக இணைந்திருக்கும். 1664இல் அதை விளக்கிய தோமஸ் வில்லிஸின் பெயரால் ‘வில்லிசின் வட்டம்’ என்பார்கள். பலருக்கு அந்த வளையம் முழுமையாக இருக்காது. யாருக்குப் போதும், யாருக்குப் போதாது என்பது கவ்வி போட்ட பிறகுதான் உறுதியாகத் தெரியும்.

[காட்சி: கையில் ரப்பர் வாத்து]

அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த வாத்து. பகிடி இல்லை! கழுத்தை மட்டும் ஊசியால் விறைக்க வைத்து, ஆளை விழிப்பாகவே வைத்திருப்பார்கள். இடது நாடி என்றால் பொம்மை வலது கையில். சொல்லும்போதெல்லாம் அமுக்கிக் கீச்சிட வைக்க வேண்டும். இடையில் பேச்சும் நடக்கும். நம்மூர் ஐயா ஒருவர் படுத்திருக்கிறார் என்று வையுங்கள்.

“ஐயா, வாவியில என்னென்ன மீன் படும்?”

“கொடுவா, செல்வன்... மறுகா... ம்...”

வாத்தும் மௌனம். மூளைக்கு இரத்தம் போதவில்லை என்று அர்த்தம். உடனே ‘ஷண்ட்’ என்ற மெல்லிய குழாயை நாடிக்குள் செருகி, இரத்தத்தை அதற்குள்ளால் மேலே அனுப்புவார்கள். கொஞ்சத்தில் ஐயா “இறால்” என்பார். இறால் மீனா என்று அந்த நேரத்தில் யாரும் வாதாட மாட்டார்கள்.

முழு மயக்கத்தில் இந்தப் பேச்சு கிடையாது. மூளையின் மின்னலைகள், இரத்த ஓட்டத்தை ஒலியலையால் அளக்கும் டொப்ளர், நெற்றியில் ஒட்டும் ஒட்சிசன் உணரி ஆகியவற்றை வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.

அப்படியானால் விழிப்பு முறைதான் வெல்லும் என்று நினைத்தேன். இரு முறைகளையும் ஒப்பிட்டு 2008இல் வெளிவந்த காலா (GALA) ஆய்வு 3526 பேரைப் பார்த்தது. பாரிசவாதம், மாரடைப்பு, மரணம் மூன்றையும் சேர்த்தால் இரு முறைக்கும் தெளிவான வித்தியாசம் இல்லை. விழித்திருந்தவர்களுக்கு ஷண்ட் குறைவாகத் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

ஆகவே எந்த முறை என்பது ஆளைப் பொறுத்தது. விழித்தபடி மல்லாந்து அசையாமல் நெடுநேரம் படுக்க முடியாதவர் அதை வைத்தியரிடம் முன்னரே சொல்லட்டும். விடாத இருமல் இருந்தால் அதையும்.