காலண்டர் லட்சுமியும் பதினைந்து விநாடியும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"சமூக ஊடகம் கலையை வாழவைக்கிறதா, வளைக்கிறதா?" இதுதான் இன்றைய தலைப்பு. வளைக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்த மேடைக்கு என்னைக் கூப்பிட்டதே யூடியூபில் என் பேச்சைப் பார்த்துத்தான். எதிரணியினர் கைதட்டலாம். தட்டி முடித்ததும் சொல்லுங்கள், தொடர்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன், கோவில்பட்டி கொண்டைய ராஜுவைக் கொண்டுவந்து நிறுத்தினார். "விளம்பரம் இல்லாவிட்டால் அந்த ஓவியரை யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். நானே அவரைப் பற்றித்தான் பேசலாம் என்றிருந்தேன். அண்ணன் வேலையை மிச்சப்படுத்திவிட்டார்.

கொண்டைய ராஜு 1898இல் பிறந்தவர். சென்னையில் ஓவியம் படித்தார், நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதினார், கடைசியில் கோவில்பட்டியோடு தங்கிவிட்டார். அவர் எழுதிய சாமி படங்களைத்தான் சிவகாசி அச்சகங்கள் காலண்டராகப் போட்டுத் தள்ளின. மேலே கஜலட்சுமி, கீழே ஏதோ ஒரு மளிகைக் கடையின் பெயர். விளம்பரம்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அண்ணே, அந்த விளம்பரத்தைச் சுமந்தது யார்? அச்சடித்தது அச்சகக்காரர். காசு போட்டு வாங்கி வாடிக்கையாளருக்குச் சும்மா கொடுத்தது கடைக்காரர். ஓவியருக்கு வேலை படம் எழுதுவதோடு முடிந்தது. "நான் எழுதுவதை வந்து பாருங்கள், மணி அடிக்க மறக்காதீர்கள்" என்று கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் அவர் தினமும் நின்று கூவவில்லை.

படத்துக்கு ஆயுசும் இருந்தது. எங்கள் ஆச்சி வீட்டில் ஒரு காலண்டர் லட்சுமி. தேதித் தாளெல்லாம் எப்போதோ கிழித்தாகிவிட்டது. கண்ணாடிச் சட்டம் போட்டுப் பூஜை அறையில் மாட்டியிருந்தார். சட்டத்துக்குள் கடைப் பெயரும் மாட்டிக்கொண்டதால், வெள்ளிக்கிழமைதோறும் அந்த எண்ணெய்க் கடைக்காரருக்கும் சேர்த்துத்தான் சூடம் காட்டினார் ஆச்சி.

சரி, இன்றைக்கு வருவோம். எங்கள் தெருவில் தஞ்சாவூர் ஓவியம் எழுதுகிற ஒரு தங்கச்சி இருக்கிறாள். பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புத் தூளும் கோந்தும் குழைத்துப் புடைப்பு எடுத்து, கல் பதித்து, தங்க ரேக்கு என்கிற மெல்லிய தகடு ஒட்டி, அப்புறம்தான் வண்ணம். கண்ணைக் கடைசியில் எழுதுவாள். ஒரு படத்துக்கு மூன்று வாரம் ஆகும். இன்ஸ்டாகிராமில் போட்டாள். ரேக்கு ஒட்டுகிற பதினைந்து விநாடி மட்டும் பிய்த்துக்கொண்டு போனது. மற்றதை யாரும் சீண்டவில்லை.

அடுத்த படம் எப்படி வந்தது தெரியுமா? மண்டப வளைவு பெரிதாகிவிட்டது. அதற்கடுத்த படத்தில் தூணும் தடித்துவிட்டது. தங்கம் ஒட்ட இடம் வேண்டுமே! கிருஷ்ணர் நடுவில் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கிப்போனார். யாரும் அவளை மிரட்டவில்லை, நடுவர் அவர்களே. எண்ணிக்கையைப் பார்த்தாள், கை தானாக அந்தப் பக்கம் போய்விட்டது. வளைப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

"ஆர்டர் வருகிறதே?" என்பார்கள். வருகிறது. சிங்கப்பூரிலிருந்துகூட வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் கடையே அவளுடையது இல்லையே. 2010இல் தொடங்கியபோது இன்ஸ்டாகிராமில் சதுரப் படம் மட்டும்தான். எல்லோரும் சதுரமாக யோசிக்கப் பழகினார்கள். 2016இல் வரிசையை மாற்றினார்கள். நேரப்படி வந்துகொண்டிருந்த பதிவுகளை அதன் பிறகு யாருக்கு எது பிடிக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2020இல் டிக்டாக்குக்கு இங்கே தடை வந்ததும் ரீல்ஸ் வந்தது. அதுவரை படம் போட்டவர்கள் ஆடவும் பேசவும் கற்றுக்கொண்டார்கள். 2025 ஜனவரியில் அவரவர் பக்கத்தில் படங்கள் வரிசையாக நிற்கிற கட்டங்களைச் சதுரத்திலிருந்து நெட்டையாக்கினார்கள். சதுரத்துக்கென்று பார்த்துப் பார்த்து அடுக்கியவர்களின் படங்கள் இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டு நின்றன. வாடகை வீட்டில்கூட ஒரு மாதம் முன்னால் சொல்வார்கள்.

அதனால் எதிரணிக்கு ஒரே கேள்வி. காலண்டர் காலத்தில் கலைஞர் படம் எழுதினார், வேறு யாரோ அதை விற்றார்கள். இன்றைக்கு அவளே எழுதி, அவளே படம்பிடித்து, வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கருத்துகளுக்குப் பதில் எழுதுகிறாள். அந்த நேரமெல்லாம் தூரிகையிலிருந்து பிடுங்கியதுதானே? அந்த வேலைக்குக் கூலி யார் தருகிறார்கள்?

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். கண் எழுதுவதை ஏன் வீடியோவாகப் போடுவதில்லை என்று அந்தத் தங்கச்சியிடம் கேட்டேன். "போட்டேன் அண்ணே. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எழுத வேண்டும், கை அசைவதே தெரியாது. பார்த்தவர்கள் நெட் நின்றுவிட்டது என்று நினைத்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள்" என்றாள்.

நன்றி, வணக்கம்.