முடக்குல மட்டும் அணைஞ்ச ஹெட்லைட்

வணக்கம் மக்களே. இன்னைக்கு ஓட்டம் எதுவும் இல்ல. லயத்து வாசல்லயே பைக்கப் பிரிச்சு வச்சிட்டு உக்காந்திருக்கேன். தகரத்துல மழை விழுற சத்தம் கேக்கும், பொறுத்துக்கங்க.

போன கிழமை தலவாக்கலையில இருந்து நுவரெலியாவுக்கு ஏ7 ரோட்டுல ஏறிக்கிட்டு இருந்தேன். லிந்துலை தாண்டுனதும் பனிமூட்டம் எறங்கிருச்சு. மணி ஏழு இருக்கும். வலது பக்கம் ஒரு முடக்கு. ஹேண்டிலத் திருப்புறேன், லைட்டு படக்குனு போயிருச்சு. இடது பக்கம் பள்ளம், கோடு கூடத் தெரியல. நேராக்குனதும் திரும்ப எரியுது. அந்த ரெண்டு செக்கன் இன்னும் கண்ணுலயே நிக்குது.

இதுக்கு முன்னாடியே ஒரு கராஜ்ல ரெண்டு தடவ பல்ப் மாத்தியாச்சு. மாத்துன அன்னைக்கு எரியும், ரெண்டு நாள்ல பழைய கதைதான். இப்ப யோசிச்சுப் பாருங்க. இது எச்4 பல்ப். ஒரே பல்புக்குள்ள ரெண்டு இழை: கிட்ட அடிக்கிற டிம்முக்கு 55 வாட் இழை ஒண்ணு, தூர அடிக்கிற ஹெட்டுக்கு 60 வாட் இழை ஒண்ணு. எனக்கு ரெண்டும் ஒண்ணாப் போகுது, கூடவே பார்க்கிங் லைட்டும் போகுது. ஹோர்ன் அடிக்குது, பின் லைட்டு எரியுது. அப்ப பேட்டரி நல்லா இருக்கு. பார்க்கிங் லைட்டுக்குக் கரண்ட் வேற வயர்ல வருது. இந்த மூணுக்கும் பொதுவா இருக்கிறது எர்த் வயர் ஒண்ணுதான், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பிப் போற வயர்.

இங்கதான் நானும் மொதல்ல ஏமாந்தேன். சொக்கட்டக் கழட்டி மீட்டர் வச்சேன், 12.4 வோல்ட் காட்டுச்சு. சரின்னு விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாதுங்க. மீட்டர் கரண்ட் இழுக்கவே இழுக்காது. வயருக்கு உள்ளுக்க ஒரே ஒரு கம்பி இழை தொட்டுக்கிட்டு இருந்தாலும் 12 காட்டும். ஆனா டிம் எரிய நாலரை ஆம்பியர் வேணும், அத அந்த ஒத்த இழை எப்படித் தாங்கும்?

அதனால லைட்டு எரியும்போதே பாருங்க. பல்ப மாட்டி, சாவியப் போட்டு, மீட்டரோட கறுப்பு வயர பேட்டரி மைனஸ்ல வைங்க, சிவப்ப பல்ப் சொக்கட்டோட எர்த் பின்னுக்குப் பின்னால குத்துங்க. 0.1 வோல்ட் மாதிரி வரணும், அப்பத்தான் எர்த் நல்லாத் தொட்டிருக்குன்னு அர்த்தம். எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. அப்படியே ஹேண்டில வலது பக்கம் கடைசி வரைக்கும் திருப்புறேன்... இந்தா, 12! லைட்டும் போச்சு. பார்த்தீங்களா? எர்த் விட்டிருச்சு. இன்ஜின் ஓடுனாத்தான் ஹெட்லைட் எரியுற பழைய வண்டிகளுக்கு இந்தச் செக்கிங் அப்படியே சரிவராது, அதையும் சொல்லிடுறேன்.

கெமராவக் கிட்டக் கொண்டு வாரேன். ஹேண்டில் கழுத்து, டேங்குக்குக் கீழ. கேபிள் டையப் போட்டு இறுக்கிக் கட்டியிருக்காங்க. வயர் மேல்தோல் முழுசா இருக்கு, வெளியில இருந்து ஒண்ணும் தெரியாது. ஆனா ரெண்டு விரலால பிடிச்சு வளச்சா அந்த ஒரு இடம் மட்டும் நூல் மாதிரி மடங்குது. பிளேடால கீறிப் பார்த்தேன். செம்பு கறுத்துப் பச்சை பூத்திருக்கு, ரெண்டே ரெண்டு இழைதான் மிச்சம். ஒவ்வொரு முடக்கும் அத இழுத்து இழுத்து அறுத்திருக்கு. நம்ம ஊர்ல முடக்குக்கா பஞ்சம்? ஈரமும் சேந்துக்கிச்சு.

கறுத்த இடத்த வெட்டி எறிஞ்சிட்டேன். முறுக்கி டேப் சுத்துனா நம்ம மழைக்கு நிக்காது. புது வயர் கொஞ்சம் நீளமாப் போட்டு, ஈயம் வச்சு, மேல ஹீட் ஷ்ரிங்க், அதான் சூடு காட்டுனா சுருங்கி இறுக்கிப் பிடிக்கிற குழாய், போட்டாச்சு. ஈயம் வச்ச இடம் கழுத்து வளைவுல வராம பின்னால தள்ளிட்டேன், ஏன்னா அந்த எடம் விறைச்சுப் போயிரும், மடங்குனா திரும்ப அங்கயே அறும். ஹேண்டில ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, வயர் தளர்வா இருக்கிற மாதிரிதான் கட்டியிருக்கேன்.

இப்ப மீட்டர் ரெண்டு பக்கமும் 0.1லயே நிக்குது. மூடிய மாட்டிட்டு, மழை விட்டதும் நானுஓயா வரைக்கும் ஏறிப் பார்த்துட்டு வாரேன்.