தங்கம் ஏன் சிவக்கிறது? நானோ அறிவியலுக்கு ஒரு குடுவை

[திரையில்: ஒயின் சிவப்பில் ஒரு கூம்புக் குடுவை]

இதில் இருப்பது சாயம் இல்லை, தங்கம். ஒவ்வொரு துகளும் ஏறக்குறைய 16 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால், அதில் 16 பங்கு. இவ்வளவு சிறிய துகளில் ஒளி பட்டதும் எலக்ட்ரான்கள் கூட்டமாக ஊசலாடி, 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை விழுங்கிவிடுகின்றன. மிஞ்சுவது சிவப்பு. தங்கம் நுண்துகளாகப் பிரிந்திருப்பதால்தான் இந்த நிறம் என்று 1857-லேயே ஃபாரடே சொல்லிவிட்டார்.

இதைச் செய்ய எளிய வழி சிட்ரேட் முறை. 1951-ல் வேதியியலாளர் டர்க்கெவிச்சின் குழு விவரித்தது. 1973-ல் ஃப்ரென்ஸ் அளவுகளை ஒழுங்குபடுத்தினார்.

[திரையில்: ஹாட் பிளேட், மேக்னடிக் ஸ்டிர்ரர்]

100 மில்லி டீஅயனைஸ்டு (அயனி நீக்கிய) தண்ணீரில் 10 மில்லிகிராம் குளோரோஆரிக் அமிலம், அதாவது தங்க உப்பு. எடுக்க பிளாஸ்டிக் ஸ்பாட்டுலா மட்டுமே. இந்த உப்பு உலோகத்தை அரித்துவிடும். கலக்கிக்கொண்டே நன்றாகக் கொதிக்க விடுங்கள். 1% ட்ரைசோடியம் சிட்ரேட் கரைசல் 2 மில்லியை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். வெளிர் மஞ்சள் மறையும், அரை நிமிடத்தில் மங்கிய நீலம் தெரியும், பிறகு சிவப்பு. அங்கேயே நிறுத்தாதீர்கள், இன்னும் ஐந்து நிமிடம் கொதிக்கட்டும்.

சிட்ரேட்டுக்கு இங்கே இரண்டு வேலை: தங்க அயனிக்கு எலக்ட்ரான் கொடுத்து அணுவாக ஒடுக்குகிறது, துகளின் மேல் ஒட்டி எதிர்மின்னூட்டம் தருகிறது. அதனால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. 2 மில்லிக்குப் பதில் 1 மில்லி ஊற்றிப் பாருங்கள். நிலைத்து நிற்கும் துகள்களின் எண்ணிக்கை குறையும், இருக்கும் தங்கமெல்லாம் அவற்றிலேயே சேரும். அளவு 40 நானோமீட்டரைத் தொடும். அளவைத் தீர்மானிப்பது இந்த விகிதம்தான். நானோ அறிவியலில் முதலில் மனதில் பதிய வேண்டியது இதுவே என்பேன்.

கறுப்புப் படிவு வந்தால் முதலில் குடுவையைச் சந்தேகியுங்கள். பழைய தங்கத் துணுக்கு ஒட்டியிருந்தாலே போதும், புதியது அதன்மேல் படியும். ராஜ திராவகத்தால் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கழுவி, தண்ணீரில் பலமுறை அலச வேண்டும். ஃப்யூம் ஹூடு எனும் வாயு வெளியேற்றும் கூண்டுக்குள் மட்டும். மிஞ்சிய திராவகத்தை மூடிய பாட்டிலில் வைக்கவே கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கும்.

[திரையில்: இரண்டு சோதனைக் குழாய்கள், ஒன்றில் உப்புக் கரைசல் சொட்டுகிறது]

சிவப்புக் கரைசலில் கொஞ்சம் எடுத்து, சமையல் உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சோடியம் அயனிகள் மின்னூட்டத்தை மறைக்கின்றன. துகள்கள் நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன, சிவப்பு நீலமாகிறது. தங்கத்தின் அளவு அப்படியே இருக்க, துகள்களுக்கு இடையிலான தூரம் மட்டுமே மாறியிருக்கிறது.

மீதிச் சிவப்புக் கரைசலை ஒளி புகாத பாட்டிலில், 4 டிகிரியில் வையுங்கள். ஃப்ரீசர் வேண்டாம், உறைந்த துகள்கள் திரண்டுவிடும், உருக்கினாலும் பிரியாது.