ஆன்ட்ரிம் கவுன்டியின் முதல் எண்

வணக்கம் நேயர்களே.

2020 நவம்பர் 4, அதிபர் தேர்தலுக்கு மறுநாள் விடியற்காலை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வடக்கே ஏரிக்கரையோரம் ஆன்ட்ரிம் என்றொரு கவுன்டி. கவுன்டி என்பதை நம் தாலுகா மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 23 ஆயிரம்தான். வழக்கமாக டிரம்பின் குடியரசுக் கட்சிக்கே வாக்கு விழும் இடம். அங்கே வெளியான முதல் முடிவில் பைடனுக்கு 7,769, டிரம்புக்கு 4,509. பார்த்த உள்ளூர்க்காரர்கள் இதை நம்பவில்லை. அவர்கள் சந்தேகப்பட்டது சரிதான், அந்த எண் தவறு.

தவறு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் தேர்தலை நடத்தி முடிவு அறிவிக்கும் ஒரே ஆணையம் கிடையாது. ஆயிரக்கணக்கான உள்ளூர் அலுவலகங்கள் தனித்தனியாக நடத்துகின்றன. ஆன்ட்ரிமில் வாக்காளர் காகிதச் சீட்டில் குறியிட்டு எண்ணும் இயந்திரத்துக்குள் செலுத்துவார். இயந்திரம் கணக்கை ஒரு நினைவு அட்டையில் பதியும். வாக்குப்பதிவு முடிந்ததும் அதே கணக்கை ஒரு நீளக் காகிதச் சுருளிலும் அச்சடித்துக் கொடுக்கும். அட்டைகள் கவுன்டி அலுவலகத்துக்குப் போகும். அங்குள்ள கணினி எல்லாவற்றையும் கூட்டும்.

அந்த அக்டோபரில் சில ஊர்களின் வாக்குச்சீட்டில், உள்ளூர்ப் போட்டிகள் தொடர்பாகத் திருத்தம் செய்ய வேண்டி வந்தது. அலுவலகக் கணினியில் புது அமைப்பை ஏற்றினார்கள். ஆனால் எல்லா இயந்திரங்களுக்கும் புது அமைப்பு போய்ச் சேரவில்லை. பல ஊர்களின் இயந்திரங்கள் பழைய அமைப்பிலேயே எண்ணின. ஓ.எம்.ஆர். தேர்வுத்தாளில் ஒரு வரிசை தவறவிட்டு அடுத்த வட்டத்தை நிரப்பினால் பின்னால் வரும் விடைகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போகும் அல்லவா, அதேதான் நடந்தது. அலுவலகக் கணினி கூட்டும்போது ஒருவருக்கு விழுந்த வாக்கு அடுத்த வரிசையில் போய் உட்கார்ந்தது. சீட்டைத் திருத்திய பிறகு எல்லா இயந்திரங்களையும் மாதிரிச் சீட்டுகளால் மறுபடி சோதித்திருந்தால், அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

இங்கே முக்கியமானது, ஒவ்வொரு ஊரிலும் அச்சான காகிதச் சுருளில் கணக்கு சரியாக இருந்தது. கூட்டுமிடத்தில்தான் குளறுபடி. சுருளையும் அறிவித்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். அவசரத்தில் செய்த திருத்தங்களிலும் பிசகு வந்து, அடுத்தடுத்து வேறு வேறு எண்கள் வெளியானதுதான் வினையாகிப் போனது. தவறைவிட அதைத் திருத்திய விதம் அதிகக் கெடுதல் செய்தது என்றுதான் சொல்வேன்.

டிசம்பர் 14 அன்று ஒரு தனியார் குழுவின் அறிக்கை வெளியானது. இயந்திரங்களின் பிழை விகிதம் 68 விழுக்காடு, மோசடிக்காகவே வடிவமைக்கப்பட்டவை என்றது. அந்த 68 எங்கிருந்து வந்தது? இயந்திரத்தின் பதிவேட்டில் உள்ள எச்சரிக்கை வரிகளை எண்ணியதிலிருந்து. பதிவேட்டில் வரும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் சாதாரணமானவை. அவற்றுக்கும் எண்ணப்பட்ட வாக்குக்கும் சம்பந்தமில்லை. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 17 அன்று, எல்லாச் சீட்டுகளையும் கையால் எண்ணினார்கள். டிரம்ப் 9,759, பைடன் 5,959. ஏற்கெனவே திருத்தி உறுதிசெய்த முடிவுக்கும் இதற்கும் இடைவெளி சுமார் ஒரு டஜன் வாக்கு.

அந்தக் கவுன்டியின் தேர்தல் அலுவலரே குடியரசுக் கட்சிக்காரர். பின்னர் மாநில மேலவைக் குழு விசாரித்தது. அதன் தலைவர் எட் மெக்புரூமும் அதே கட்சி. 2021 ஜூனில் வந்த அந்தக் குழுவின் அறிக்கை மோசடிக் கதையை நிராகரித்தது. அதோடு விடவில்லை. ஆன்ட்ரிம் பெயரைச் சொல்லிப் பொய்யான தகவலால் பணமோ விளம்பரமோ தேடியவர்களை விசாரிக்கும்படி தலைமை வழக்கறிஞருக்குப் பரிந்துரைத்தது. சொந்தக் கட்சிக்காரர்கள் சொல்லியும் நம்பாதவர்கள் நம்பவில்லை.

காரணம் இயந்திரத்தில் இல்லை. அமெரிக்காவில் கட்சி இப்போது கொள்கைத் தேர்வாக மட்டும் இல்லை, அது மதம், இனம், நகரமா கிராமமா, படிப்பு எல்லாம் சேர்ந்த அடையாளமாகிவிட்டது. 1960இல் நடந்த ஒரு கருத்தாய்வில், பிள்ளை எதிர்க்கட்சிக் குடும்பத்தில் சம்பந்தம் செய்தால் வருத்தப்படுவோம் என்று சொன்னவர்கள் இரு கட்சியிலும் ஐந்து விழுக்காடு அளவில்தான். 2010இல் கேட்டபோது குடியரசுக் கட்சியினரில் ஏறக்குறைய பாதிப்பேர், பைடனின் ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவர். அந்த நிலைக்கு வந்தபின் தோல்வி என்பது வெறும் தேர்தல் தோல்வியாக இருப்பதில்லை.

ப்யூ ஆய்வு மையத்தின் கணக்கு இதை அப்பட்டமாகக் காட்டுகிறது. தேர்தல் ஒழுங்காக நடந்தது என்று 2020இல் சொன்ன டிரம்ப் வாக்காளர்கள் 21 விழுக்காடு. 2024இல் 93. அந்த நான்கு வருடத்தில் தேர்தல் நடைமுறை அப்படியொன்றும் தலைகீழாக மாறிவிடவில்லை, ஜெயித்தது யார் என்பதுதான் மாறியது. இது ஒரு கட்சிக்கு மட்டுமே உள்ள வியாதியும் அல்ல. 2024இல் டிரம்ப் ஜெயித்ததும், இரண்டு கோடி வாக்குகளைக் காணோம் என்ற பேச்சு இடதுசாரிப் பக்கம் பரவியது. கலிஃபோர்னியாவில் வாக்குகளை இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

சதிக்கதைக்குத் தீனி போடுவதில் சட்டத்துக்கும் பங்குண்டு. பென்சில்வேனியாவில் அஞ்சல் வாக்கு உறையைத் தேர்தல் நாளன்று காலை 7 மணிக்கு முன் பிரிக்கக் கூடாது. 2020இல் அங்கே வந்த அஞ்சல் வாக்குகள் 26 லட்சத்தைத் தாண்டின. அஞ்சல் வாக்கை நம்பாதீர்கள் என்று டிரம்ப் சொல்லிவந்ததால், அதில் பெரும்பகுதி பைடனுடையது. நேரில் போட்டவை முதலில் எண்ணப்பட்டன. மறுநாள் காலையில் டிரம்ப் ஆறு லட்சத்துக்கும் மேல் முன்னணி. கடைசியில் பைடன் 80,555 வாக்கில் ஜெயித்தார். எண்ணும் வரிசை தெரிந்தவருக்கு இது எதிர்பார்த்த கணக்கு. தெரியாதவருக்கோ ராத்திரியோடு ராத்திரியாக நடந்த திருட்டு.

மிச்சிகன் அதன்பின் சட்டத்தை மாற்றிக்கொண்டது. அங்கே பெரிய ஊர்களில் எட்டு நாள் முன்பிருந்தே அஞ்சல் வாக்குகளை எண்ணி வைக்கலாம், முடிவை மட்டும் வாக்குப்பதிவு முடிந்த பிறகே வெளியிட வேண்டும். பென்சில்வேனியாவில் இரு கட்சிகளுக்கும் இடையே இதில் உடன்பாடு ஏற்படவில்லை. 2024 தேர்தலிலும் அங்கே உறை பிரிக்கத் தொடங்கியது காலை 7 மணிக்குத்தான்.

நன்றி, வணக்கம்.