வெட்ட வெட்டத் தழைத்த காடு

நேயர்களுக்கு என் வணக்கம்.

கேம்பிரிட்ஜிலிருந்து மேற்கே பத்துப் பன்னிரண்டு மைல் போனால் லாங்ஸ்டோ என்ற சிற்றூர் வரும். அதைத் தாண்டியதும் சாலையோரம் ஒரு தண்ணீர்த் தொட்டிக் கோபுரம். அங்கிருந்து ஒரு வண்டித்தடம் பிரிந்து வயல்வெளிக்குள் போகிறது. அதில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஹேலி வுட் என்ற காட்டின் கதவு.

காடு என்றதும் மலையையும் அருவியையும் நினைத்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இது 120 ஏக்கர் அளவுள்ள சின்னக் காடு. நாலு பக்கமும் உழுத வயல், நடுவில் அகன்ற இலை மரங்கள். ஓக், ஆஷ், ஃபீல்டு மேப்பிள், ஹேசல் ஆகியவைதான் முக்கியமானவை. இலையுதிர் காலத்தில் எல்லாம் மொட்டையாகிவிடும். ஏப்ரலில் துளிர்க்கத் தொடங்கும்.

நான் முதன்முதலில் போனது ஒரு பிப்ரவரி மாதம். வானம் சாம்பல் நிறம், மரங்களில் ஒரு இலை கிடையாது, முழங்கால் வரை சேறு. இதற்கா இத்தனை பேர் இவ்வளவு பெருமைப்படுகிறார்கள் என்று தோன்றியது. உள்ளே நுழையும் இடத்தில் ஒரு மண்கரையும் அதன் வெளிப்பக்கம் ஒரு பள்ளமும் இருந்தன. மழை வாய்க்கால் என்று நினைத்துத் தாண்டிவிட்டேன். அது இடைக்காலத்து எல்லைக்கரை என்று பிறகு ஒருவர் சொன்னார். ஆடுமாடுகள் உள்ளே வந்து இளந்துளிரைக் கடித்துவிடாமலிருக்கப் பள்ளம் தோண்டி, அந்த மண்ணை உள்பக்கம் குவித்து, மேலே வேலி போட்டிருக்கிறார்கள். பல நூற்றாண்டு மழை கரைத்த பின்பும் அந்தக் கரை இடுப்பளவு உயரத்தில் நிற்கிறது. ஒரு காட்டுக்கு இத்தனை பாடுபட்டு மதில் போல ஒன்றை எழுப்பியிருக்கிறார்கள் என்றால் அது எவ்வளவு பெறுமானமுள்ள சொத்தாக இருந்திருக்க வேண்டும்!

அதற்கு எழுத்துச் சான்றும் இருக்கிறது. 1251-இல் ஈலி என்ற ஊரின் பிஷப் தன் நிலபுலன்களையெல்லாம் கணக்கெடுத்து எழுதி வைத்தார். அதில் ஹேலி என்ற பெயரில் ஒரு காடு, 80 ஏக்கர் என்று பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்து ஏக்கரும் இந்தக் காலத்து ஏக்கரும் ஒன்றல்ல. ஆனால் இடம் அதே இடம், பெயரும் அதே பெயர். அதன் பிறகு இங்கிலாந்தில் எத்தனை அரசர்கள் வந்து போனார்கள், எத்தனை காடுகள் வயலாயின! இது மட்டும் காடாகவே நின்றிருக்கிறது. 1600-ஆம் ஆண்டிலிருந்து விட்டுப்போகாமல் காடாகவே இருக்கும் இடத்தைத்தான் இங்கிலாந்தில் தொல்காடு என்று கணக்கில் சேர்க்கிறார்கள். ஹேலிக்கு அதற்கு முந்திய 350 ஆண்டுகளுக்கும் கையில் பத்திரம் இருக்கிறது.

எப்படித் தப்பியது? யாரும் தொடாமல் விட்டதால் என்று நானும் நினைத்தேன். உண்மை நேர்மாறானது. இது வெட்டப்பட்டு வெட்டப்பட்டே பிழைத்த காடு.

முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள் அல்லவா, ஹேசலும் ஆஷும் மேப்பிளும் அந்த வகைதான். குளிர்காலத்தில் கணுக்கால் உயரத்தில் வெட்டினால், வசந்தத்தில் அடிக்கட்டையைச் சுற்றிலும் கொத்தாகத் துளிர்க்கும். ஆஷ் துளிர் முதல் கோடையிலேயே ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். பத்துப் பதினைந்து ஆண்டில் மறுபடியும் வெட்டலாம். விறகுக்கும் வேலிப் படலுக்கும் கருவிப் பிடிக்கும் மண்சுவருக்குள் பின்னும் கம்புக்கும் இதுதான் ஆதாரம். இடையிடையே ஓக் மரங்களை வெட்டாமல் உயர விடுவார்கள், அது வீடு கட்டும் உத்தரத்துக்கு. காட்டைப் பல துண்டாகப் பிரித்து ஆண்டுக்கு ஒரு துண்டு என்று சுற்றிச் சுற்றி வெட்டி வந்தார்கள். மேலே போன மரத்துக்கு வயது குறைவுதான், அடிக்கட்டைக்கோ பல நூறு வயது. வெட்டாமல் விட்டிருந்தால் அந்த ஆஷ் மரம் இருநூறு வருடத்தில் விழுந்திருக்கும். வெட்டிய ஆஷ் இன்னும் உயிரோடு இருக்கிறது. இதை நேரில் பார்க்கும்வரை என்னால் நம்ப முடியவில்லை.

நிலக்கரி வந்ததும் கம்புக்கு மதிப்புப் போயிற்று. வெட்டுவது நின்றது, காடு இருண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய முப்பது ஆண்டுகளில் இப்படிக் கிடந்த எத்தனையோ தொல்காடுகளை அடியோடு பெயர்த்து வயலாக்கினார்கள், அல்லது ஊசியிலை மரங்களை நட்டார்கள். ஹேலியை 1962-இல் அந்த மாவட்டத்து இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் விலைக்கு வாங்கியது. ஓரிரு ஆண்டுகளில் பழைய முறைப்படி வெட்டும் வேலையைத் தொண்டர்கள் மறுபடியும் தொடங்கினார்கள். அப்படி வெட்டப் போனவர்களில் ஒருவர் கேம்பிரிட்ஜ் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியைச் சேர்ந்த ஆலிவர் ராக்கம். இங்கிலாந்தின் காடுகளை எப்படிப் படிக்க வேண்டும் என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தவர். இந்த ஒரு காட்டுக்காகவே 1975-இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். ஒரு காட்டை அப்படி நேசிக்கலாம் என்று எனக்குத் தெரிந்ததே அவரால்தான்.

சரி, பூவுக்கு வருகிறேன். நான் ஆண்டுதோறும் ஏப்ரல் நடுவில் அங்கே போவது அதற்காகத்தான்.

ஆக்ஸ்லிப் என்று ஒரு பூ. இங்கிலாந்தில் சஃபோக், எசெக்ஸ், கேம்பிரிட்ஜ்ஷைர் ஆகிய மூன்று மாவட்டங்களும் சேரும் களிமண் பகுதியைத் தவிர வேறெங்கும் இது அநேகமாகக் கிடையாது. வயல்வெளியில் பூக்கும் கௌஸ்லிப்புக்கும் மர நிழலில் பூக்கும் பிரிம்ரோஸுக்கும் பிறந்த கலப்பு என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். இது தனி இனம் என்று 1842-இல் ஹென்றி டபிள்டே என்ற எசெக்ஸ்காரர் கண்டார். 1860-களில் சார்லஸ் டார்வின் இந்த மூன்றையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்து, அவர் சொன்னது சரிதான் என்று காட்டினார்.

குனிந்து பாருங்கள். இலைகள் தரையோடு வட்டமாகப் படிந்திருக்கும், முட்டைக்கோஸின் உள் இலையைப் போல நிறையச் சுருக்கம். நடுவிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய தண்டு, அதன்மேல் பூனைமயிர் மாதிரி ரோமம். உச்சியில் பத்துப் பதினைந்து பூக்கள், எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்திருக்கும். நிறம் வெண்ணெய் நிறத்துக்குக் கொஞ்சம் மேல். மூக்கருகே கொண்டுபோனால் பழுத்த பழத்தின் வாசனை லேசாக வரும். ஒரு பூவின் தொண்டைக்குள் பார்த்தால் குண்டூசித் தலை போலப் பச்சையாக ஒரு புள்ளி தெரியும், அது சூல்முடி. பக்கத்துச் செடியில் பார்த்தால் அந்த இடத்தில் குண்டூசி இல்லை, மகரந்தப் பைகள் வட்டமாக நிற்கும். ஒரு செடியில் ஒரு வகைதான். குண்டூசிச் செடியின் மகரந்தம் மற்ற வகைச் செடிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் விதை நன்றாகப் பிடிக்கும். தேனீ ஒன்று இதிலிருந்து அதற்குப் போவதை நான் ஈரத்தில் மண்டியிட்டு அரைமணி நேரம் பார்த்திருக்கிறேன். எழுந்தபோது முழங்கால் இரண்டும் மரத்துப் போயிருந்தது. அதற்காக நான் வருத்தப்படவே இல்லை.

வெட்டிய துண்டில் வெளிச்சம் விழுகிறது. இரண்டாவது வசந்தத்தில் அந்த இடம் முழுக்க மஞ்சளாகிவிடும். வெட்டாத துண்டில் அதே செடி இலையை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருக்கும். வெட்டுவதை வைத்துத்தான் இந்தக் காட்டின் பூக்காலம் என்று சொன்னால் மிகையில்லை.

நான் முதல் நாள் சலித்துக்கொண்ட சேறு இருக்கிறதே, அதற்கும் இதில் பங்கு உண்டு. இங்கே டாக்ஸ் மெர்குரி என்று ஒரு செடி அடர்த்தியாகப் பரவி மற்றச் செடிகளை மூடிவிடும். ஆனால் வசந்தத்தில் தண்ணீர் தேங்கும் களிமண்ணில் மண்ணிலுள்ள இரும்பு வேறு வடிவத்துக்கு மாறுகிறது. அது மெர்குரியின் வேருக்கு விஷம், ஆக்ஸ்லிப் தாங்கிக்கொள்ளும். மேடு வறண்டிருக்கும் இடத்தில் மெர்குரி, தண்ணீர் நிற்கும் இடத்தில் ஆக்ஸ்லிப். காட்டுக்குள் நடந்துகொண்டே கால் புதைவதை வைத்து அடுத்து எந்தச் செடி வரும் என்று சொல்லிவிடலாம்.

இன்னொரு மூலை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1862-இல் பெட்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் போட்ட ரயில்பாதை இந்தக் காட்டை ஒட்டிப் போயிற்று. போனபோது ஒரு வயலை வெட்டிப் போட்டதில், காட்டுக்கும் தண்டவாளத்துக்கும் இடையே முக்கோணமாக ஒரு துண்டு மாட்டிக்கொண்டது. அதில் உழுவதை 1920-களில் விட்டுவிட்டார்கள். ஒருவரும் ஒரு மரம் நடவில்லை. தானாகவே ஓக்கும் ஆஷும் முளைத்து இன்று அதுவும் காடு. ரயிலும் 1967 கடைசியில் நின்றுவிட்டது. இப்போது தெரியாதவர் போனால் பழைய காடு எங்கே முடிகிறது, முக்கோணம் எங்கே தொடங்குகிறது என்று மரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தரையைப் பார்த்தால் தெரியும். பழைய காட்டில் ஆக்ஸ்லிப் கம்பளமாக இருக்கும், முக்கோணத்துக்குள் போகப் போகக் குறைந்து நின்றுவிடும். அதன் விதை தாய்ச்செடியின் காலடியிலேயே விழும். காற்றும் பறவையும் அதைத் தூக்கிப் போவதில்லை. நூறு ஆண்டில் மரம் வானத்தைத் தொட்டுவிட்டது, பூவோ இன்னும் மெல்ல மெல்ல நடந்துகொண்டிருக்கிறது. தொல்காட்டை வெட்டிவிட்டு வேறிடத்தில் மரம் நட்டு ஈடு செய்துவிடலாம் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த மூலைதான் ஞாபகம் வரும்.

கவலையும் இருக்கிறது. மான்கள் பெருகிவிட்டன. வெட்டிய கட்டையின் துளிரையும் ஆக்ஸ்லிப் பூவையும் மேய்ந்துவிடுகின்றன. அதனால் இடைக்காலத்துக் கரை இருக்கும் காட்டுக்குள்ளேயே இப்போது உயரமான கம்பிவேலியும் போட வேண்டியிருக்கிறது. அப்புறம் ஆஷ் மரத்துக்கு வந்த பூஞ்சை நோய். கிழக்காசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து, 2012-இல் இந்தக் கிழக்கு இங்கிலாந்துக் காடுகளில் உறுதியானது. நுனிக்கிளைகள் காய்ந்து மரம் மேலிருந்து கீழாகச் சாகிறது. வெட்டி வெட்டிச் சாகாவரம் பெற்ற அந்த அடிக்கட்டைகளில் பட்ட கம்புகளைப் பார்க்கும்போது மனசு கனத்துவிடுகிறது.

போக விரும்புகிறவர்கள் ஏப்ரல் இரண்டாம் மூன்றாம் வாரத்தில் போங்கள். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் கட்டாயம் வேண்டும். வழியை விட்டு விலகாதீர்கள், ஈரக் களிமண்ணில் ஒரு மிதி மிதித்தாலே செடி போய்விடும். பேசாமல் நின்றால் சிஃப்சாஃப் என்ற குருவி தன் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்வது கேட்கும்.

போன ஏப்ரலில் நான் முக்கோணத்துக்குள் நடந்தபோது, கடைசி ஆக்ஸ்லிப் பூத்திருந்த இடத்துக்கு ஓரடி தள்ளி, உதிர்ந்த இலைச் சருகுக்கு நடுவே, கைப்பிடியளவு சுருக்கம் விழுந்த இலைகள் நாலைந்து இருந்தன. அவ்வளவு சின்னச் செடி. பூக்கவில்லை. இந்த வருடம் பூத்ததா என்று போய்ப் பார்க்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.