வெளிச்சம் எதன் மேல் விழுகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

பொதுக் கட்டடங்களில் விளக்கு அமைப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். அரசு மருத்துவமனை, தாலுகா அலுவலகம், நூலகம், பேருந்து நிலையம், இப்படி நாம் எல்லோரும் மணிக்கணக்கில் காத்துக்கிடக்கிற இடங்கள். அங்கே எத்தனை டியூப்லைட் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அந்த வெளிச்சம் எதன் மேல் விழுகிறது என்று பார்க்கிறவர்கள் குறைவு. நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். சுற்றிச் சுற்றி இதற்கே வருவேன்.

வீட்டில் யாரையாவது ஸ்ட்ரெச்சரில் வைத்து மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தள்ளிக்கொண்டு போயிருப்பீர்கள். கூடவே நடக்கிற நமக்கு இடம் பளிச்சென்று நன்றாகத்தான் இருக்கும். மல்லாந்து படுத்திருப்பவருக்கு? ஒவ்வொரு விளக்கும் நேரே கண்ணுக்குள் வந்து குத்தும். அதே விளக்குகளைக் கூரை நடுவிலிருந்து நகர்த்திச் சுவர் ஓரமாக வைத்து, சுவரில் வெளிச்சம் விழும்படி செய்தால் போதும். நடப்பவருக்கும் வழி தெரியும், படுத்திருப்பவருக்கும் கண் கூசாது. கரண்ட் செலவும் அதிகமாகாது.

அப்புறம், மனு வாங்குகிற கவுண்டர். எழுத்தரின் முதுகுக்குப் பின்னால் பெரிய ஜன்னல் இருக்கும். நம் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர் முகம் கறுப்பாகத்தான் தெரியும். காது மந்தமான பெரியவர்கள் பாதிப் பேச்சை வாயசைவைப் பார்த்தே புரிந்துகொள்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? முகம் தெரியாவிட்டால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது, பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார்கள். புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில், பெயர் வேண்டாம், இதை எடுத்துச் சொன்னேன். உடனே கூடுதலாகப் பேனல் லைட் வாங்கி எல்லாவற்றையும் கூரையிலேயே பதித்துவிட்டார்கள். மேசை பளபளத்தது, முகம் பழையபடியே இருந்தது. எழுத்தருக்கு முன்னால், சற்றுப் பக்கவாட்டில் ஒரு சின்ன விளக்கு வைத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

வயதையும் சேர்த்துப் பாருங்கள். அறுபது வயதில் கண்ணுக்குள் விழித்திரைக்குப் போய்ச் சேருகிற வெளிச்சம், இருபது வயதில் சேர்ந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி சுருங்கிவிடுகிறது, லென்ஸ் பழுப்பேறிவிடுகிறது. அதே சமயம் கண்கூச்சமும் அதிகமாகிறது. பெரியவர்களுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும், ஆனால் விளக்கு கண்ணில் படக்கூடாது. ஓய்வூதிய அலுவலகத்துக்கு வருகிறவர்கள் யார் என்று யோசித்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த கட்டடத்துக்கு வருகிறேன். நம் புதுச்சேரியிலேயே இருக்கிறது: அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியான கோல்கொண்டா. ஹைதராபாத் சமஸ்தானத்தின் திவான் சர் அக்பர் ஹைதரி மூலமாகப் பணம் வந்ததால், ஹைதராபாத் பக்கத்து கோல்கொண்டாவின் பெயர். 1937-இல் வேலை தொடங்கினார்கள். வடிவமைத்தவர் அந்தோனின் ரேமண்ட், செக் நாட்டில் பிறந்து டோக்கியோவில் அலுவலகம் வைத்திருந்தவர். இங்கே தங்கி வேலையைப் பார்த்துக்கொண்டவர்கள் அவர் அலுவலகத்துக் கட்டடக் கலைஞர்களான ஜார்ஜ் நகாஷிமாவும் பிரான்டிசெக் சம்மரும். கதவுக்கும் ஜன்னலுக்கும் வேண்டிய பித்தளைச் சாமான்களை, வீட்டுப் பாத்திரங்களை உருக்கி வார்த்தார்கள் என்பார்கள்.

அந்தக் கட்டடம் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. அகன்ற முகங்கள் வடக்கும் தெற்கும். ஏன் என்று கேளுங்கள். புதுச்சேரியில் சித்திரை நடுவிலிருந்து ஆடி முடியும்வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. இரண்டு பக்கமும் உயரத்திலிருந்து இறங்குகிற வெயில், அதைத் தடுப்பது சுலபம். காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வருகிற வெயிலைத்தான் தடுக்க முடியாது. அந்தப் பக்கம் கட்டடத்தின் குறுகிய ஓரம் மட்டுமே இருக்கிறது.

வடக்கு, தெற்கு முகங்களில் கண்ணாடி ஜன்னல் இல்லை. நீளநீளமான சிமெண்ட் பலகைகளைப் படுக்கை வாட்டில் அடுக்கியிருக்கிறார்கள், உள்ளேயிருந்தே திருப்பிக்கொள்ளலாம். வெயில் பலகையில் பட்டுத் தெறித்து, தணிந்து அறைக்குள் வருகிறது. உள்ளே வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு அதை வாங்கிப் பரப்புகிறது. காற்றும் அதே வழியில் வருகிறது. பகலில் விளக்குப் போட வேண்டிய தேவையே குறைவு. நம் ஓட்டு வீடுகளில் முற்றம் வைத்ததும், அடுப்படிக்கு மேலே ஒரு கண்ணாடி ஓடு பதித்ததும் இதே அறிவுதான்.

இப்போது கட்டுகிற அலுவலகங்களைப் பாருங்கள். முகப்பு முழுக்கக் கண்ணாடி. வெயில் தாங்காமல் திரையை இழுத்துவிடுகிறார்கள். இருட்டாகிறது என்று விளக்கைப் போடுகிறார்கள். பகல் பதினோரு மணிக்கு, புதுச்சேரி வெயிலில்! இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

பழைய பிரெஞ்சுக் கட்டடங்களில் வேறு சிக்கல். கூரை உயரம், குறுக்கே மர உத்தரங்கள். விளக்கை மேலேயே மாட்டினால் கீழே காகிதம் படிக்க முடியாது. ஒரு பல்பிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். கறுத்த மரம் மிச்சத்தையும் விழுங்கிவிடும். குழாய் போட்டு விளக்கைக் கீழே இறக்குங்கள். உத்தரங்களின் அழகைக் காட்ட வேண்டுமானால் மேல்நோக்கித் தனியாக ஒன்று வையுங்கள். வெளியே அந்த மஞ்சள் சுவர்களுக்கு 6500 கெல்வின் வெள்ளை விளக்கு வேண்டவே வேண்டாம், சுவர் சோகை பிடித்ததுபோலத் தெரியும். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற அளவு, எண் குறைந்தால் மஞ்சள் கூடும். 2700, 3000 என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும், அதை வாங்குங்கள். கடற்கரைக்குப் பக்கத்தில் என்றால் விளக்கின் வெளிக்கூடு உப்புக் காற்றைத் தாங்க வேண்டும், சாதாரண இரும்பு சீக்கிரமே துருப்பிடித்துவிடும்.

நூலக அலமாரிகளைப் பற்றியும் பேசுவதாக இருந்தேன். நேரமாகிறது என்று சைகை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: விளக்கு வரிசை இரண்டு அலமாரிகளுக்கு நடுவே, அவற்றின் நீளவாட்டிலேயே ஓட வேண்டும். அப்போதுதான் அடித்தட்டுப் புத்தகத்தின் முதுகிலும் எழுத்து தெரியும்.

கடலூர் தேவனாம்பட்டினம் முதல் நம் மீனவக் கிராமங்கள் வரை கடலோரத்தில் இருக்கிற நேயர்களுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். தை, மாசி, பங்குனியில், பங்குனி ஆமை என்கிற கடலாமை கரையேறி முட்டையிடும். குஞ்சுகள் இரவில் வெளிச்சம் தெரிகிற பக்கம் போகும், கடல்தான் அங்கே இருக்கிறது என்று நம்பி. நம் கட்டடத்து விளக்கு கடலைவிடப் பிரகாசமாக இருந்தால் ரோட்டுக்கு வந்துவிடும். எல்லாவற்றையும் அணைக்க வேண்டியதில்லை. கடல் பக்கம் மறைப்புத் தகடு, கீழ்நோக்கிய முகம், ஆழ்ந்த மஞ்சள் நிறம், இவ்வளவு போதும். சமுதாயக் கூடத்துக்கோ மீன் ஏலக் கூடத்துக்கோ புதிதாக விளக்கு போட வருகிறபோதே அதிகாரிகளிடம் கேட்டு வாங்குங்கள். மாட்டிய பிறகு மாற்றுவது கஷ்டம்.

நன்றி, வணக்கம்.